முகம் தெரிய வேண்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றியவனுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. நம் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். மிளகுத் தோட்டத்தைத் தாண்டி, ரோட்டு வளைவில் போய் நின்றுதான் அதை இறக்கினேன். ஒரு பெரிய மைதானம். வரிசை வரிசையாகப் பையன்கள். எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே மொட்டை, ஒரே விறைப்பு. வெயிலில் கருத்துப்போன ஒரே முகத்தை எல்லோருக்கும் ஒட்டிவிட்டதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் போனை நீட்டினேன். இரண்டாவது வரிசையில் நடுவில் நின்றவனைக் காட்டி, "இதோ பாரு, நம்ம பையன்" என்றேன். மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அது ஆரோ ஊட்டுப் பையனுங்க. நம்ம சாமி இங்கல்ல நிக்குது" என்று பின்வரிசையின் ஓரத்தில் விரலை வைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நீதான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "இதென்னங்க கேள்வி? இடது தோளு எறங்கியிருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பெற்ற பையனை அடையாளம் தெரியாமல் வேறொருவன் மகனைக் காட்டியவன் நான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. பயிற்சி முடியப்போகிறது, அடுத்து உன்னை எங்கோ அனுப்பப்போகிறார்கள், எங்கே என்று சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாய். பனி பெய்யும் இடம் என்கிறான் ஒருவன். மணல் மட்டுமே இருக்கும் இடம் என்கிறான் இன்னொருவன். டீக்கடையில் ஆளுக்கொரு எல்லைக்கு உன்னை அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு எந்த இடமானாலும் ஒன்றுதான். இதை உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். தனியாக எழுத உட்கார்ந்தால் எனக்குத் திட்டத்தான் வரும் என்று உனக்கே தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் கொஞ்சம் வாயை அடக்குவேன். அதனால்தான் இப்படி.

உன் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அதன் முன்னால் நீ உட்கார்ந்திருந்த வருஷங்கள் முழுக்க உனக்கும் எனக்கும் சண்டை. மற்ற வீட்டுப் பையன்கள் சுட்டுக்கொண்டே ஓடும் விளையாட்டை விளையாடினார்கள், அதையாவது விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளலாம். உன்னுடையது சதுரங்கம் மாதிரி. உனக்கு ஒரு முறை, எதிரிக்கு ஒரு முறை. ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு யாரை எங்கே அனுப்புவது என்று யோசிக்க வேண்டும். ஆனால் நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நீ யோசித்ததும் இல்லை, அனுப்பியதும் இல்லை. ஒரு சிப்பாயை நடுவில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அவனுக்கு மீசை வைத்துக்கொண்டிருப்பாய். மூக்கை மாற்றுவாய். சட்டைக்குக் கலர் தேடுவாய். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பை வைத்து, எடுத்து, மறுபடி வைப்பாய். ஒரு மத்தியானம் முழுக்க ஒருவனுக்குத் தலைமுடி வெட்டினாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, படைய அனுப்பறயா, இல்ல மாப்பிள்ளையச் சோடிக்கறயா?"

"சோடிச்சாத்தானுங்க அனுப்ப முடியும்."

"அனுப்பினாச் சாவப்போறான். சாவறவனுக்கு எதுக்கு மீசை?"

"செத்தா, செத்தது ஆருன்னு தெரியணுமில்லீங்க" என்று நீ திரும்பாமலே சொன்னாய்.

அப்போது அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். தற்காலிக வேலை என்று சொல்லியே இளமை முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஒரு காலையில் இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்ட அந்தக் கல்லூரியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஆனால் வகுப்பில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். படைகள் மோதின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அரசன் வெற்றிவாகை சூடினான். அடுத்த பாடம். அந்த ஆயிரத்தில் ஒருவனுக்குக்கூட மூக்கு எப்படி இருந்தது என்று நான் யோசித்ததில்லை. ஒரு மாணவனும் கேட்டதில்லை. நீ ஒருவன்தான் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் மூக்கு வைத்துக்கொண்டிருந்தாய். உன்னைத்தான் உருப்படாதவன் என்றேன்.

இன்னொரு பேச்சும் நினைவுக்கு வருகிறது. நான் பார்த்தவரை உன் படையில் யாருக்கும் ஹெல்மெட் கிடையாது. விளையாட்டு தானாகப் போட்டுவிடும் ஹெல்மெட்டை ஒவ்வொருவன் தலையிலிருந்தும் நீ கழற்றிவிடுவாய். "ஹெல்மெட்டு போட்டாத்தானடா உசுரு தப்பும்?" என்று கேட்டேன். "இதுல அது சும்மா அலங்காரமுங்க அப்பா. போட்டாலும் போடாட்டியும் அடி ஒண்ணுதான். போட்டா மூஞ்சி தெரியாது, அதான் கழட்டிட்டேன்" என்றாய். அதே வாரம் நீ அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பைக்கில் மலையேறி வந்தாய். ஹெல்மெட் உன் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரிகள் எதிரே வரும் ரோட்டில் அதை முழங்கைக்குப் போட்டுக்கொண்டு வந்தவனை நான் வாசலிலேயே நிறுத்திக் கத்தினேன். "காத்து வாங்கலாம்னுங்க" என்று சிரித்தாய். கத்தியதற்காக இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு ஹெல்மெட்டும் என் மனதில் ஒன்றாகிவிட்டன. அலங்காரம் என்ற உன் சொல் காதிலேயே நிற்கிறது. நீ இப்போது போகிற இடத்தில் அது அலங்காரம் இல்லை.

உன் தோள் இறங்கிய கதை உனக்கே பாதிதான் தெரியும், நீ மயக்கத்தில் இருந்தாய். மிளகு பறிக்க மூங்கில் ஏணியைச் சாத்தி, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியவன், ஏணி வழுக்கிக் கீழே வந்தாய். காரை எலும்பு முறிந்து தோல் கூடாரம்போல் துருத்திக்கொண்டு நின்றது. ஜீப்பில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நீ முனகினாய். ஒவ்வொரு வளைவிலும் நான் உன்னைத் திட்டினேன். டிரைவரைத் திட்டினேன், ஏணி செய்தவனைத் திட்டினேன், ரோடு போட்டவனைத் திட்டினேன். உன் அம்மா ஒன்றும் பேசாமல் உன் கையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவருக்கு முதல்ல தண்ணி குடுங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார். எலும்பு கூடிவிட்டது. தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியே நின்றுவிட்டது.

அந்தத் தோளை நான் நம்பியிருந்தேன், கண்ணு. உன் மாமன் உன்னைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு அழைத்துப்போனபோது, ஓட்டத்தில் நீ ஜெயித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இந்த மலையில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்து வளர்ந்தவனுக்குச் சமவெளியில் ஓடுவது பெரிய காரியமா? ஆனால் உடம்புச் சோதனையில் அந்த எலும்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டார். அவர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. உன் மாமன்மேல் இருப்பது வருத்தம் இல்லை, அதைவிடப் பெரியது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு முழு உடம்போடு திரும்பி வந்தவர். அந்தத் தெம்பில், எல்லோரும் அப்படியே திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைக்கிற மனுஷன். "மாப்ள, பையன் உங்களாட்டம் படிச்சுப்போட்டு ஊட்டுல குந்தியிருக்கோணுமா?" என்று என் வீட்டில், நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அந்தச் சோற்றை அன்று அவர் முழுசாகச் சாப்பிட்டு முடித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

நீ போன பிறகு கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. மழைக்காலம் வந்தது. மத்தியான வேளையிலேயே மூடுபனி வீட்டுக்குள் வந்து நிற்கும் நாட்கள். வெளியே வேலை இல்லை. ஒருநாள் தூசி தட்டத்தான் உட்கார்ந்தேன், கை தானாக அதைப் போட்டுவிட்டது. உன் படை முகாமில் நின்றுகொண்டிருந்தது. நான் மலைத்துப்போனேன். அது நம் ஊர். டீக்கடைக்காரர் இருக்கிறார், அதே கோணல் பல்லோடு. பஸ் கண்டக்டர் இருக்கிறார். உன் மாமன் பெரிய துப்பாக்கியோடு நிற்கிறார், அவர் மீசைக்கு ஏற்ற மீசை அந்த விளையாட்டில் இல்லாமல் இருப்பதிலேயே பெரியதை வைத்திருக்கிறாய். காயத்துக்குக் கட்டுப்போடும் இடத்தில் உன் அம்மா. கோயிலுக்குக் கட்டும் அரக்குப் புடவையின் நிறத்தையே அவள் கவசத்துக்குத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறாய். ஓரத்தில் நீ. உன்னை நீ கொஞ்சம் அழகாகவே செய்துகொண்டிருக்கிறாய், அது இருக்கட்டும். என்னைத் தேடினேன். நான் இல்லை. கண்டக்டருக்குக்கூட இடம் இருந்த படையில் பெற்ற தகப்பனுக்கு இடம் இல்லை. கடைசியில் யாரோ ஒரு கிழச் சிப்பாய், விளையாட்டு கொடுத்த வெள்ளைக்காரப் பெயரோடு, ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்காவது இடம் கொடுத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனக்கசப்பு என்பது மூச்சு மாதிரி, தானாக வரும்.

ஆனாலும் விளையாட ஆரம்பித்தேன். உன்னோடு பேசுகிற மாதிரி இருந்தது, வேறு காரணம் இல்லை. விதிகள் மெல்லப் பிடிபட்டன. போனவன் போனவன்தான் என்ற விதியும் பிடிபட்டது. நடந்ததை அழித்துவிட்டு முந்தின இடத்துக்குத் திரும்பும் வசதியை நீ மூடிவைத்திருந்தாய். அதுபற்றியும் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பின்னால போவ முடியாதுன்னாத்தானுங்க பயமா இருக்கும்" என்றாய். "பயப்படறதுக்கா வெளையாடற?" என்றேன். "பயமில்லாட்டி ஆரையும் பாத்துக்க மாட்டமுங்க அப்பா" என்றாய். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் முகம் கொண்டவனை ஒரு சண்டைக்கும் அனுப்பவில்லை. முகாமிலேயே வைத்துக்கொண்டேன். உன் மாமனை முன்னால் அனுப்பினேன். மறைக்க மாட்டேன், சந்தோஷமாகவே அனுப்பினேன். அந்த மனுஷன் எல்லாவற்றிலும் தப்பித்துப் பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார், வாழ்க்கையில் நடந்த மாதிரியே. ஆபத்தான இடம் என்றால் அந்த ஹெல்மெட் கிழவனை அனுப்பினேன். யார் பெற்ற பிள்ளையோ, எனக்கென்ன. அவன் அடிபட்டு வருவான், படுத்து எழுவான், மறுபடி போவான். போகப் போக அந்தப் படையிலேயே தேர்ந்தவன் அவன்தான் ஆனான்.

பிறகு ஒருநாள் எதிரி முகாமுக்கே வந்துவிட்டான். அந்தச் சமயத்தில் யாரை அனுப்புவது என்ற கேள்வியே கிடையாது, உள்ளே இருக்கிற எல்லோரும் நின்றாக வேண்டும். உன்னைக் கடைசியில், சுவருக்குப் பின்னால் ஒளித்தேன். எதிரி அந்தப் பின்பக்கத்து வழியாகத்தான் வந்தான். மற்றவர்கள் சண்டை கண்டு தேறியிருந்தார்கள், உனக்கு நல்ல கவசம்கூட நான் வாங்கித் தரவில்லை. வெளியே போகாதவனுக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். ஒரே குண்டு. விழுந்தாய். அந்த ஹெல்மெட் கிழவன்தான் பக்கத்தில் இருந்தான். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும்படி அவனை நகர்த்தினேன். சண்டை முடிந்தது. நீ சாகவில்லை, படுக்கையில் கிடந்தாய். கவலைக்கிடம் என்ற பொருளில் சிவப்பில் ஒரு சொல் உன் முகத்துக்குக் கீழே எரிந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா டீ டம்ளரோடு என் பின்னால் நிற்கிறாள்.

"அது நம்ம பையன் மூஞ்சியில்லீங்களா?"

"அதெல்லாம் வெறும் வெளிச்சம் புள்ள."

"வெளிச்சத்துக்கு ஏனுங்க உங்க கண்ணு கலங்குது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரவில்லை. ரோட்டு வளைவில் குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். சாயங்கால பஸ்ஸும் வந்து போனது. அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "ஊட்டுக்குப் போனதும் அந்த மொகத்த மாத்திருங்க" என்றாள். நான் சிரிக்க முயன்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உருவாரத்துக்கு ஏனுங்க மொகம் வெக்கறதில்ல? நமக்குப் பதிலாப் போயி நிக்கற மண்ணு அது. மொகம் வெச்சா ஆளாயிரும். ஆளாயிட்டா அதுக்கு வாறது ஆளுக்கும் வருமுங்க" என்றாள். உருவாரம் உனக்கும் தெரிந்ததுதான். காய்ச்சல் கண்ட குழந்தைக்காக, நடக்க முடியாமல் படுத்துவிட்ட மாட்டுக்காக நேர்ந்துகொண்டு கோயிலில் வைக்கும் மண்பொம்மை. கண்ணுக்கு இரண்டு குழி, அவ்வளவுதான் முகம். அந்த வரிசையில் எது யாருடையது என்று வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். நான் இதையெல்லாம் நம்பாதவன். படித்தவன் என்று ஊரில் எனக்கு இருக்கிற கெட்ட பெயரே அதனால்தான். ஆனால் போன் வராத ஒரு நாளில், நம்பாதவன் எவ்வளவு தூரம் நம்பாமல் இருக்க முடியும்? வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

உடை மாற்றும் அந்த இடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் முறை. முகம் என்ற இடத்தை அழுத்தினேன். உன் மூக்கு போய் வேறு மூக்கு வந்தது. மறுபடி அழுத்தினால் இன்னொருவன். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த்தான் உன் முகத்தைப் பிடித்தேன். இதை மாற்றிவிட்டால், நீ இத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கிய உன்னை நான் எப்படித் திரும்பச் செய்வேன்? எனக்குத்தான் படத்திலேயே உன்னை அடையாளம் தெரியவில்லையே. உன் அம்மா பின்னால் நின்று, "மாத்துங்க, மாத்துங்க" என்கிறாள். அப்போது ஒரு யோசனை வந்தது. முகத்தை அழிக்க வேண்டாம், ஹெல்மெட் போட்டு மூடிவிடலாம். எந்த ஹெல்மெட் என்று தெரியவில்லை. படையில் ஹெல்மெட் போட்டவன் அந்தக் கிழவன் ஒருவன்தான். அவனைத் திறந்தேன். அவன் போட்டிருப்பது என்ன வகை என்று பார்க்க, அதைக் கழற்றினேன்.

நான்தான். என் வழுக்கை. என் இடது புருவத்து நரை. கண்ணுக்குக் கீழே தொங்கும் தோலைக்கூட வைத்திருக்கிறாய். உன் அம்மா, "அட, நீங்க" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முகத்துக்குக் கீழே சுபாவம் என்று ஓர் இடம் இருந்தது. அதில் கோபக்காரன் உண்டு, குறும்புக்காரன் உண்டு, விறைப்பானவன் உண்டு. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் எனக்கு எதைப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். நீ போட்டிருந்தது பயந்தவன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான் கத்திய ஒவ்வொரு கத்தலுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று உன்னிடம் யார் சொன்னது? ஜீப்பில் நீ மயக்கத்தில் இருந்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். ஒருவன் ஷூவுக்குப் பாலிஷ் போடாததால் மொத்தப் பேருக்கும் போன் கிடையாது என்று ஆகிவிட்டதாம். இதற்கா என்று அந்த ஷூக்காரனைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினேன். உன் அம்மா போனைப் பிடுங்கி, "சாமி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? அடி கிடி படலையே?" என்று கேட்டாள். "கால்ல கொப்புளந்தாம்மா" என்றாய். பிறகு நான் வாங்கிக் கேட்டேன். நாம் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன், எனக்காக.

"அந்த ஹெல்மெட்டுக்காரன் நான்தானாடா?"

"அதப் போயித் தொட்டீங்களா?"

"எல்லாரு மூஞ்சியும் தெரியோணும்னு கழட்டினயே. எனக்கு மட்டும் ஏன் மாட்டின?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு முன்னால அனுப்ப முடியலீங்க அப்பா. மூடிட்டா அனுப்பிரலாம்னு நெனச்சேன். பேரைக்கூட வெக்கல. அப்பவும் முடியலீங்க. ஒருக்காலும் அனுப்பல."

"நா அனுப்பிட்டேன்டா. ஆருன்னு தெரியாம தெனமும் அனுப்பினேன்."

"உசுரோட இருக்கீங்களா?" என்று நீ சிரித்தாய்.

"இருக்கறேன். மாமனைவிடப் பெரிய பதக்கம்."

நேரம் முடிந்துவிட்டது, வைத்துவிட்டாய். நீ படுக்கையில் கிடப்பதை நான் சொல்லவில்லை. உன் அம்மா சொல்லக்கூடாது என்று சைகை காட்டினாள்.

மறுநாள் அவளோடு காரவள்ளிக்கு இறங்கினேன். உருவாரம் செய்கிறவர் அங்கே பக்கத்தில் இருக்கிறார். பையன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்பொ பட்டாளத்துக்காரனாவே பண்ணிரலாமுங்க. தொப்பி வெச்சு, தோள்ல துப்பாக்கி வெச்சு, சும்மா சோராப் பண்ணித் தாரேன்" என்றார். உன் அம்மா உடனே, "வேண்டாமுங்க. வெறும் பையனாப் பண்ணுங்க" என்றாள். "துப்பாக்கி இல்லாட்டி ஆருன்னு எப்படீங்க தெரியும்?" என்று கேட்டார் அவர். "தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள். நான் அவர் மண் பிசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் வரைக்கும் வந்தது, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று. கேட்கவில்லை. முகம் வைக்கக்கூடாது என்றால் தோளும் வைக்கக்கூடாதுதானே. மலையேறி வந்து அதைக் கோயிலில் மற்றவற்றோடு வைத்தோம். கும்பிட்டேனா என்று நீ கேட்பாய். கை தானாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

கண்ணு, எனக்கு அறிவுரை சொல்லத் தகுதி கொஞ்சம்தான். உன்னை ஒளித்துவைத்ததால் நீ விழுந்தாய் என்று அந்த விளையாட்டு எனக்குக் காட்டியது. அதற்காக, போ ராஜா போ என்று உன் மாமனைப்போல மார்தட்ட என்னால் முடியாது. எனக்கு நீ போகக்கூடாது. அது இன்றும் மாறவில்லை. ஆனால் போவாய். போகிற இடத்தில் பயப்படு. பயமில்லாவிட்டால் யாரையும் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னவன் நீ, உன்னையும் பார்த்துக்கொள். இன்னொன்றும் கவனித்தேன். அந்த விளையாட்டில் எதிரிக்கு மட்டும் உடை மாற்ற வழியில்லை. எல்லோருக்கும் ஒரே முகம். அப்படி இருந்தால்தான் சுட முடியும்போல. உன் எதிரே என்றாவது ஒருவன் நின்றால் அவனுக்கும் ஒரு தோள் இறங்கியிருக்கலாம், அதைத் தெரிந்தவள் ஒருத்தி எங்கோ கிழங்கு உரித்துக்கொண்டிருக்கலாம். அந்த நாள் உனக்கு வரவே கூடாது என்பதுதான் என் பயத்திலேயே பெரிய பயம்.

ஹெல்மெட்டைக் கழற்றாதே. காற்று வாங்க வேண்டாம். முழங்கையில் மாட்ட வேண்டாம். யாரும் உன் முகத்தைப் பார்க்க வேண்டாம், எவனும் உன்னை வரிசையில் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டாம். அவர்கள் உன்னை எல்லோரையும்போல ஆக்கிவிட்டார்கள் என்று முதல் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அப்படியே இரு என்று கெஞ்சுகிறேன். கூட்டத்தில் ஒருவனாக இரு. இங்கே கம்ப்யூட்டரில் உன் முகத்தை நான் மாற்றவில்லை. ஹெல்மெட் மட்டும் போட்டிருக்கிறேன், அங்கே அது அலங்காரம்தான் என்று தெரிந்தும். என்னுடையதைக் கழற்றிவிட்டேன். என் முகம் தெரியட்டும், எனக்கென்ன.

நேற்று நீ அனுப்பிய இரண்டாவது படமும் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் ஹெல்மெட், எல்லோர் முகத்திலும் அதன் நிழல். ஒரு கண்கூடத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் காட்டாமல் ரோட்டு வளைவிலேயே நின்று வெகுநேரம் பார்த்தேன். மூடுபனி வந்து திரையெல்லாம் நனைந்துவிட்டது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். முகத்தைத் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் இதைச் சொல்லிவிடு: பின்வரிசையில், கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில், இடது தோள் சற்று இறங்கி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறவன், அது நீதானே?

அப்பா